நிறுத்தினால் நிற்கிற டெக்

எங்கள் வீட்டில் வீடியோ டெக் வாங்கியபோது எங்களிடம் டிவி கிடையாது. மாடு வாங்குவதற்கு முன்பே மூக்கணாங்கயிறு வாங்கிய குடும்பம் என்று ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. இன்றும் ஊருக்குப் போனால் வயதானவர்கள் என்னை அந்த அடையாளத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். நான் புத்தகம் எழுதுகிற விஷயம் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும், டெக் அளவுக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அதுவும் சரிதான்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அந்த வருஷம் நாங்கள் நிஜமாகவே மாடுதான் வாங்குவதாக இருந்தது. எங்கள் ஜோடியில் ஒன்றுக்குக் கிழடு தட்டி, உழுகிற போதே நடுக்காட்டில் நின்று எதையோ யோசிக்க ஆரம்பித்திருந்தது. புளி விற்றுக் கையில் பணம் வந்ததும் வேறு மாடு பார்ப்பது என்று முடிவு. பார்ப்பதற்கு வெளியாள் வேண்டியதில்லை. சுற்றுவட்டத்தில் யார் மாடு வாங்கப் போனாலும் அப்பாவைத்தான் அழைத்துப் போவார்கள். அப்பா பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பின்னாலேயே கொஞ்சதூரம் போவார். கடைசியில் வேகமாக வருகிற மாட்டை "ஓ... ஓ..." என்று நிறுத்திப் பார்ப்பார். நின்ற மாடு காலை மாற்றி வைக்கக் கூடாது. தலையை ஆட்டக் கூடாது. ஆட்டினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். ஒரு தடவை, வாங்கி வீட்டுக்கே ஓட்டிவந்துவிட்ட மாடு வாசலில் நின்றபடி ஒரு காலை மாற்றி வைத்தது என்பதற்காக மலையிறங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

காவலூருக்கு மேலே கொஞ்சம் ஏறிப் போனால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. ஊருக்கு ஒரே டிவி பஞ்சாயத்து அறையில் மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீடு என்பதால் சாவி அம்மாவின் இடுப்பில். ஆன்டெனா வெளியே புளியமரத்தில் கட்டிய மூங்கிலின் உச்சியில். காற்று அதை ஒரு பக்கம் திருப்பினால் தமிழ் வரும், இன்னொரு பக்கம் திருப்பினால் கன்னடம் வரும், இரண்டுக்கும் நடுவில் விட்டால் சாமைப் பொரி பொரிகிற மாதிரி வரும். காவலூரில் பெரிய பெரிய தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டு எங்கோ இருக்கிற நட்சத்திரங்களைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்தப் பொரிக்குள் செய்தி வாசிப்பவரின் மூக்கைத் தேடிக்கொண்டிருந்தோம்.

சாமை அறுப்பு நடந்த சமயத்தில் டிவிக்காரர்கள் வந்தார்கள். மலையில் விளைகிற தானியங்களைப் பற்றி விவசாய நிகழ்ச்சிக்காகப் படம் எடுக்க வேண்டுமாம். அன்றைக்கு அப்பா யாருக்கோ மாடு பார்க்கப் போயிருந்தார். வீட்டில் பெரியப்பாதான் இருந்தார்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல், தாய் தகப்பன் போன பிறகு அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். அதிகம் பேச மாட்டார். உருவத்தைப் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பியதால் கேமரா இருக்கிற திசைக்கே போக மாட்டார். சாமையை உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் தேய்த்து, உமி பறக்க ஓர் ஊது ஊதிப் பார்ப்பது அவர் வழக்கம். டிவிக்காரர்கள் அவரை எப்படியோ தாஜா செய்து அதைச் செய்ய வைத்துவிட்டார்கள். ஒருவர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பெரியப்பாவின் முகத்தில் இடிக்கிற மாதிரி வெகுநேரம் நின்றதை ஊரே பார்த்தது. நானும் பார்த்தேன். பெரியப்பாவின் காதெல்லாம் சிவந்திருந்தது.

அந்த மார்கழியில் பெரியப்பா காய்ச்சலில் போய்விட்டார்.

காரியம் முடிந்து சுவரில் மாட்டப் படம் தேடியபோதுதான் அவருக்கு ஒரு படமும் இல்லை என்பது உறைத்தது. ரேஷன் கார்டில் பெயர் இருந்தது, முகம் இல்லை. யாருடைய கல்யாணப் படத்திலும் இல்லை. எல்லாக் கல்யாணத்திலும் பந்தி பரிமாறும் இடத்தில் இருந்திருக்கிறார். ஒரு நாள் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அம்மாவிடம், "அண்ணனுக்கு மூக்கு இந்தப் பக்கமா கொஞ்சம் சாஞ்சிக்கினு இருந்துதா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார். அம்மா யோசித்து ஒரு பக்கம் சொன்னாள். அப்பா அது இல்லை என்றார். இரண்டு பேருக்கும் நிச்சயமில்லை.

புளி உலுக்குகிற நாட்களில் வேளாண்மை அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வாரம் உங்கள் ஊர் டிவியில் வருகிறது, பாருங்கள் என்று.

என் தாய்மாமன் அன்று வீட்டில் இருந்தார். காவலூரில் தொலைநோக்கிகள் இருக்கிற வளாகத்தில் அவருக்குத் தோட்ட வேலை. தினமும் அவற்றின் நிழலில் களை பிடுங்கியதால் மின்சாரத்தில் ஓடுகிற எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லும் தகுதி அவருக்கு வந்திருந்தது.

"டெக்குல ரெக்கார்டு பண்ணிட்டம்னா வேணும்ன்ற எடத்துல நிறுத்திக்கலாம் மாமா" என்றார் அப்பாவிடம். "நிறுத்திட்டு, டிவிய அப்டியே போட்டோ புடிச்சிக்கிலாம். பெரியவரு மொகம் கெட்சிடும்."

அப்பா வெகுநேரம் புளியங்கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "நிறுத்துனா நிக்குமா?"

வாடகைக்குக் கிடைத்த டெக்குகள் கேசட்டைப் போட்டுக் காட்டுவதோடு சரி, பிடித்து வைக்கத் தெரியாது. பிடித்து வைக்கிற டெக்கை யாரும் வாடகைக்குத் தரவில்லை. ஆகவே முதல் நடை புளி விற்று மாட்டுக்கென்று வைத்திருந்த பணத்தை மடியில் கட்டிக்கொண்டு அப்பா, மாமா, நான் மூன்று பேரும் திருப்பத்தூர் பஸ் ஏறினோம். நான் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைக்காரர் அலமாரியிலிருந்து இரண்டு டெக்குகளை இறக்கி வைத்தார். ஒன்று வெள்ளி நிறம், உடம்பெல்லாம் பொத்தான், நெற்றியில் பச்சை எண்களாக ஓடுகிற கடிகாரம். மற்றது கறுப்பு, அகலம், யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து விற்றுவிட்டுப் போனது.

"வெள்ளிதான் மாமா" என்றார் மாமா உடனே. "ரிமோட்டு கீது. கடியாரம் கீது பாருங்க."

"மணி பாக்கறதுக்கா மச்சான் வந்தோம்?"

அப்பா இரண்டையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். முதுகில் கையை வைத்துச் சூடு பார்த்தார். பிறகு கேசட் போகிற வாயின் மூடியை விரலால் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தார். கடைக்காரர் பதறிப் போனார்.

"அண்ணே, அண்ணே! வாயில கைய வுடாதீங்க!"

"உள்ள இன்னா கீதுன்னு பாக்காம எப்டிப்பா வாங்கறது?"

"ஹெட்டுதாண்ணே கீது. வெள்ளியில ரெண்டு ஹெட்டு. கறுப்புல நாலு."

"நாலு தலையா?" என்றேன் நான். எனக்குத் தெரிந்து நாலு தலை பிரம்மாவுக்குத்தான். அவரும் ஒரு விதத்தில் ஆட்களைத் தயாரித்து அனுப்புகிறவர்தான் என்பதால் பொருத்தமாகவே பட்டது.

கடைக்காரர் நல்ல மனிதர். ரெக்கார்டிங் நன்றாக வர என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். "கேசட்டு புதுசா போடுங்க. பழசு மேலயே திருப்பித் திருப்பிப் புடிச்சா படம் கஞ்சியா பூடும். அப்புறம் ஓட்டம். மெதுவா வெச்சா ஒரே கேசட்ல ரெண்டு பங்கு புடிக்கலாம்."

"ரெண்டு பங்கா!" மாமாவின் கண்கள் விரிந்தன.

"ஆனா படம் கொஞ்சம் மங்கும்."

"நெருக்கி வெதச்சா கதுரு சிறுத்துதான வரும்" என்றார் அப்பா. "ஒரு பங்கே போதும்."

கடைக்காரர் அதற்குப் பிறகு மாமாவைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

சோதனை நடந்தது. கடை டிவியில் ஒரு பெண்மணி ரோஜாச் செடிக்கு உரம் போடுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் வெள்ளி டெக் அவரைக் கொஞ்சநேரம் பிடித்தது. திருப்பி ஓடவிட்டபோது அப்படியே வந்தார், பூ முதற்கொண்டு. அப்பா கொஞ்சதூரம் ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு, "நிறுத்துங்க" என்றார். கடைக்காரர் பாஸ் பொத்தானை அமுக்கினார்.

அந்தப் பெண்மணியின் முகத்துக்கு நடுவே, மூக்குக்குக் கீழே, ஒரு வெள்ளைப் பட்டை விழுந்தது. கன்னம் வெடவெடவென்று நடுங்கியது. குளிரில் நிற்கிற மாதிரி இருந்தது. அப்பா டிவியைப் பார்த்து மிக மெதுவாக, "ஓ... ஓ..." என்றார். அது அவர் வாயிலிருந்து வந்தது அவருக்கே தெரிந்திருக்காது.

"ஆடுது" என்றார்.

"பாஸ் போட்டா கொஞ்சம் ஆடத்தாண்ணே ஆடும். படத்த நிறுத்தி வெச்சி யாரு பாக்கப் போறாங்க? ஓட்டிதான பாப்பாங்க?"

மாமாதான், அன்றைக்கு முதல் தடவையாகத் தணிந்த குரலில், "நாங்க நிறுத்திதாங்க பாக்கணும்" என்றார்.

கறுப்பு டெக்கில் அந்தப் பெண்மணி நின்றார். கண் பாதி மூடியபடி, விரலில் பிடித்த மொட்டோடு, காதோரம் ஒரு முடிகூட அசையாமல் நின்றார். அப்பா கிட்டே போய்ப் பார்த்தார், பின்னால் வந்து பார்த்தார், பக்கவாட்டில் நின்று பார்த்தார். "நிக்குது" என்றார்.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். அப்பா வலது கையின்மேல் துண்டைப் போட்டு மூடிக் கடைக்காரரிடம் நீட்டினார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் கையையும் துண்டுக்குள் விட்டு, பலமாகக் குலுக்கினார். "ரொம்ப சந்தோஷம்ணே!" என்றார். உள்ளே அப்பாவின் விரல்கள் அவரிடம் என்னவோ பேசியிருக்கின்றன. பதில் வராததில் அப்பாவின் முகம் போன போக்கை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். கடைசியில் மாமா வெட்கத்தை விட்டு, வாயாலேயே விலை பேசி முடித்தார்.

திரும்பி வருகையில் அப்பா டெக்கைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்து, அதன் முதுகில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளைவுகளில் பஸ் சாய்ந்தபோதெல்லாம் அந்தக் கை அதைத் தட்டிக்கொடுத்தது. மலைமேல் பனி இறங்கிவிட்டிருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள்ளிருந்து வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி வெள்ளைக்குள் போயின. நான் ஜன்னலில் நெற்றியை வைத்து ஒரு பெரிய விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா வாழ்நாளில் சென்னைக்குப் போனதில்லை. இப்போது சென்னையிலிருந்து வரப்போகிறார். அதுவும் பஸ்ஸில் இல்லை, காற்றில். வாணியம்பாடி விளக்குகளுக்கு மேலே, தோப்புகளுக்கு மேலே, பனிக்குள் வழி கண்டுபிடித்து, எங்கள் புளியமரத்து மூங்கிலில் வந்து இறங்கி, கம்பி வழியாக நடந்து, அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். வருகிற வழியில் நனைந்துவிடுவாரே என்பதுதான் என் கவலை.

அதனால் நிகழ்ச்சி வருகிற அன்று சாயங்காலம் பஞ்சாயத்து அறைக்கு நான் பெரியப்பாவின் கம்பளியை எடுத்துக்கொண்டு போனேன். எனக்குக் குளிர்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மா கம்பளியை இழுத்து என்மேலேயே போர்த்திவிட்டாள்.

ஊரே வந்திருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் சலவைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் டிவியில் வருகிறாராம். மாமா புளியமரத்தில் ஏறி ஆன்டெனாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கரண்ட் போகக் கூடாது என்று யாரோ தேங்காய் நேர்ந்துகொண்டார்கள். அப்பா டெக்கின் முன்னால் சம்மணம் போட்டு, சிவப்புப் பொத்தான்மேல் விரலை வைத்து, மூச்சைக்கூட நிதானமாக விட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் மலை வந்தது. எங்கள் ஆடுகள் வந்தன. "அய்ய, அது எங்க குட்டிடீ!" என்று ஒரு சத்தம். அம்மாவின் முதுகு வந்தது. அது தன் முதுகுதான் என்று அம்மா நம்பவே இல்லை.

பிறகு ஒரு கை வந்தது.

திரை முழுக்க உள்ளங்கை. அதில் சாமை. கட்டைவிரல் வந்து தேய்த்தது. அந்த நகத்தில் அரிவாள் பட்டுப் பிளந்த பழைய கோடு. எங்கிருந்தோ ஓர் ஊது. உமி எழும்பிப் பறந்தது. உடனே தலைவரின் முகம் வந்து, அரசாங்கம் மலைக்குச் செய்ய வேண்டியவற்றைச் சொல்ல ஆரம்பித்து, நிகழ்ச்சி முடியும்வரை சொன்னது.

கையைப் பார்த்ததுமே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கியிருந்தார்கள். வேறு ஏதோ நிகழ்ச்சி ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"இன்னாது, மொகம் வர்ல?" என்றாள் அம்மா. "மூஞ்சியாண்ட வெச்சிதான புடிச்சாங்க அவ்ளோ நேரம்?"

"மொகத்த குடுக்காமலே பூட்டாரும்மா" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

மரத்திலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "மாமா! பெரியவரு தெளிவா உழுந்தாரா?"

தலைவர் மட்டும் தொண்டையைச் செருமி, "நான் நல்லாத்தான் உழுந்தேன்" என்றார்.

அப்பா கேசட்டைத் திருப்பினார். ஆடுகள் பின்பக்கமாக நடந்தன. ஓடவிட்டார். கை வந்தது. உமி எழும்பிய இடத்தில் பொத்தானை அமுக்கினார். உமி அந்தரத்தில் நின்றது. நகத்தின் பிளவு நின்றது. ஒரு கோடு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. எனக்கு ஒன்றுதான் ஆச்சரியம். இவ்வளவு பேர் அழுத சத்தம் கேசட்டில் துளியும் இல்லை. டெக் அறைக்குள்தானே இருந்தது, எங்களையும் பிடித்திருக்கும் என்று நம்பியிருந்தேன்.

"நிக்குது" என்றார் அப்பா, யாரிடமும் இல்லாமல். மாமா இறங்கி வந்து கேசட்டின் பின்பக்கம் இருந்த சின்னப் பிளாஸ்டிக்கை உடைத்தெடுத்தார். இனி யாரும் இதன்மேல் வேறு எதையும் பிடிக்க முடியாது என்றார்.

திருப்பத்தூரிலிருந்து ஸ்டுடியோக்காரர் வந்து முக்காலியில் கேமராவை வைத்தார். "மொகம் வர்ற எடத்துல நிறுத்துங்க" என்றார். "இதாங்க எடம்" என்றார் அப்பா. ஸ்டுடியோக்காரர் ஒரு தடவை எங்கள் எல்லோரையும் பார்த்தார், பிறகு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

சட்டம் போட்டு வந்த படத்தில் கை கொஞ்சம் நீலமாக இருந்தது. சுவரில் மாட்டிச் சாமந்தி மாலை போட்டார்கள். முகமாக இருந்தால் நெற்றியில் பொட்டு வைத்துவிடலாம். அம்மா குங்குமம் தொட்ட விரலோடு வெகுநேரம் நின்றுவிட்டு, கடைசியில் மணிக்கட்டில் வைத்தாள். என்னோடு படித்தவர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள்.

"இன்னாடா உங்க வூட்ல கைய மாட்டி வெச்சிக்கீறீங்க?"

"அது கை சாமி" என்றேன் ஒருவனிடம். பரீட்சை சமயத்தில் அவன் வந்து கும்பிட்டுவிட்டுப் போனான். பாஸும் ஆகிவிட்டான். அதற்குமேல் அதை மறுத்துப் பேச எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அந்த வருஷம் எங்கள் காட்டை இரவல் மாட்டை வைத்து உழுதோம். மத்தியான வேளைகளில், பஞ்சாயத்து அறையில் யாரும் இல்லாதபோது, அப்பா டெக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு போவார். பொத்தான்கள் என் பொறுப்பு. நான் அதில் நிபுணனாகியிருந்தேன். உமி எழும்புகிற நேரத்தில் சரியாக நிறுத்துவேன். அப்பா துண்டை விரித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் கொஞ்சநேரத்தில் டெக் தானாகவே 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டு நகர்ந்துவிடும். உமி பறந்துவிடும், கை போய்விடும், தலைவர் வந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் இதே கதை. அடுத்த முறை புளி ஏற்றிக்கொண்டு திருப்பத்தூர் போனபோது நானே கடைக்காரரிடம் புகார் சொன்னேன்.

"கெட்டுப் போகல தம்பி" என்றார் அவர். "ஒரே எடத்துல ரொம்ப நேரம் நிறுத்தி வெச்சா அந்த எடம் தேஞ்சிடும். அதான் அதுவா வுட்டுடுது. நல்ல டெக்குன்னா அப்டித்தான் செய்யும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரு கால் மாற்றி வைத்ததற்காக மாட்டைத் திருப்பிக் கொடுத்தவர், இப்போது கடையையே இரண்டாக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா, "அப்டியா" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாப்பா, நிக்கும்னுதான குடுத்தாரு? திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிக்கலாம்."

"நிக்கிற வரைக்கும் ஆடாம நிக்குது இல்ல" என்றார் அப்பா. "போதும், வுடு."

அதற்கடுத்த மத்தியானம் நன்றாக நினைவிருக்கிறது. கதவுக்கு வெளியே பனி வந்து நின்றிருந்தது. உமி வெகுநேரம் அந்தரத்தில் இருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக் என்றது. உமி பறந்தது. அப்பா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வெளியே நடந்தார்.

டெக்கை இந்த முறை ஏமாற்றிவிடுவது என்று நான் தீர்மானித்திருந்தேன். அது விட்ட நொடியிலேயே தாவி மறுபடி பொத்தானை அமுக்கினேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கைக்குப் பதிலாகத் தலைவர் மாட்டிக்கொண்டார். 'அரசாங்கம்' என்று சொல்வதற்கு வாயை முழுசாகத் திறந்த நிலையில் நின்றார். எவ்வளவு நல்ல டெக்! பல்லைக்கூட எண்ணிப் பார்த்துவிடலாம், ஒன்றுகூட ஆடவில்லை.

நான் வாசலுக்கு ஓடினேன். அப்பா பாதி பனிக்குள் போயிருந்தார்.

"யப்பா! வா, நின்னுடுச்சி! நான் நிறுத்திட்டேன், வா!"

அப்பா திரும்பவில்லை. காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.